இடுப்பில் தொங்கிய இரும்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டிய கதையை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி மினுமினுத்தன. ஔவை அவற்றைப் புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றாள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. போரே காணாத ஆயுதம் எது, போர் கண்டு களைத்த ஆயுதம் எது என்பதை அந்த மூதாட்டி நான்கே சொல்லில் உணர்த்திவிட்டாள் என்று எங்கள் தமிழாசிரியர் வியந்து நடத்துவார்.

அந்தப் பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். பளபளத்த வேலைப் பற்றியும் பேசியாயிற்று. முறிந்த வேலைப் பற்றியும் பேசியாயிற்று. அந்த வேலைப் பிடித்த கை எங்கே? வேல் உலைக்களத்துக்குப் போனால், வேல் பிடித்தவன் எங்கே போனான்?

சங்க காலத்து வீரனைத் தேடிப் போக என்னால் இயலாது. ஆனால் 1971-ஆம் ஆண்டுப் போரில் ஆயுதம் பிடித்த இரண்டு கைகள் மயிலாப்பூரில், முண்டகக்கண்ணியம்மன் கோயிலை அடுத்த ஒரு சந்தில், எங்கள் வீட்டு வாசற்படியில் இன்றும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கின்றன. அவை என் தாத்தாவின் கைகள். அவரிடம் கேட்டு அறிந்ததையும், நூலகத்தில் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். போரின் பெருமை பாடுவது என் நோக்கமன்று. ஒரு சிப்பாய் தன் உடம்போடு ஒட்டிச் சுமந்த சிறிய ஆயுதத்துக்கும் அவன் நினைவுக்கும் உள்ள உறவைச் சொல்வதே நோக்கம்.

அதிகாரிக்கு ஒன்று, ஜவானுக்கு ஒன்று

தோளில் சுமப்பது பெரிய துப்பாக்கி. இடுப்பில் தொங்குவது சிறிய ஆயுதம். பிஸ்டல், ரிவால்வர், பயோனெட் ஆகியவை இந்த இரண்டாம் வகை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பல அதிகாரிகள் தம் சொந்தக் காசிலேயே ரிவால்வர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்கள் இடுப்பில் இருந்தவை பெரும்பாலும் வெப்ளி, என்ஃபீல்டு என்னும் .38 ரிவால்வர்கள். சுழலும் அறையில் ஆறு ரவைகள். குறி வைத்து நம்பிச் சுடக்கூடிய தூரம் ஏறத்தாழ 15 கெஜம். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஒரு கோடியில் நின்று சுட்டால் மறுகோடி வரைதான் அதன் ஆட்சி செல்லும்!

இவ்வளவு குறுகிய தூரத்துக்கு ஓர் ஆயுதம் எதற்கு? மற்ற எல்லாம் கைவிட்டபின் உயிர் காக்க என்பது ஒரு விடை. அதைவிட உண்மையான விடை ஒன்று உண்டு. பிஸ்டல் என்பது பதவியின் அடையாளம். இடுப்பில் அது தொங்கினால், அவர் கட்டளை இடுபவர். தோளில் ரைஃபிள் இருந்தால், அவன் கட்டளையைக் கேட்பவன்.

என் தாத்தா கட்டளையைக் கேட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கொரு பிள்ளை பட்டாளத்துக்குப் போவது வழக்கம். அந்த வழக்கப்படி 1966-இல், பதினெட்டு வயதில், பெங்களூருக்கு ரயில் ஏறினார். சேர்ந்த இடம் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு. மதராஸ் சாப்பர்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1780-இல் தோன்றிய படை அது. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி எடுப்பதும் அதன் பணிகள். முள்வேலியைத் தகர்க்க உலகமெங்கும் படைகள் பயன்படுத்தும் 'பெங்களூர் டார்ப்பிடோ' என்ற வெடிகுழாயை 1912-இல் உருவாக்கியவர் இந்தப் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக். இந்திய இராணுவம் முழுவதும் இந்தப் படையின் வீரர்களைத் 'தம்பி' என்றே அழைக்கும். பஞ்சாபிக்காரர் அழைத்தாலும் 'தம்பி'தான், வங்காளி அழைத்தாலும் 'தம்பி'தான். அதனாலோ என்னவோ, தாத்தா என்னையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தம்பி என்றே அழைப்பார்.

முதலில் அவர் கையில் கொடுத்தது .303 ரைஃபிள். "மொத நாள் சுட்டதும் தோள்பட்டை வீங்கிப்போச்சு. மூணு நாளைக்குச் சோறு பெசைய முடியலை" என்பார். முதலாண்டில் உந்த அழிவின்மை விதியைப் படித்தபோது அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரவையின் நிறை ஏறத்தாழ 11 கிராம். குழாயை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்கு 740 மீட்டர். துப்பாக்கியின் நிறை 4 கிலோ. ஆக, துப்பாக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கிப் பின்னேறும். தாத்தாவிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதுக்கெல்லாம் கணக்கு இருக்குதா? எங்களுக்கு உஸ்தாத் ஒரே வார்த்தைதான் சொன்னாரு. துப்பாக்கியைப் பொண்டாட்டி மாதிரி அணைச்சுப் பிடி, இல்லேன்னா அடிக்கும்னாரு" என்று சிரித்தார். பாட்டி உள்ளிருந்து ஏதோ சொன்னார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

.303 போய் எஸ்.எல்.ஆர். என்ற 7.62 ரைஃபிள் வந்தது. ஆனால் இரண்டு துப்பாக்கிக்கும் பொதுவாக ஒன்று அவர் இடுப்பில் உறையோடு தொங்கியது. அதுதான் பயோனெட். துப்பாக்கிச் சனியன் என்று நம் அகராதிகள் சொல்லும். தாத்தா இந்துஸ்தானிச் சொல்லால் 'சங்கீன்' என்பார். ஜவானுக்கென்று இடுப்பில் இருந்த ஆயுதம் அது ஒன்றே.

குத்தாத சங்கீன்

எதிரியின் மார்பில் குத்துவதற்கென்று வார்த்த அந்த எஃகுக் கத்தியைத் தாத்தா ஒரு மனிதனின் மீதும் குத்தியதில்லை. அவர் குத்தியதெல்லாம் மண்ணில்தான்.

1971 டிசம்பரில் மேற்கு முனையில், ஷக்கர்கர் பகுதியில் இந்தியப் படைகள் முன்னேறின. எதிரி தரையெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தான். அந்த வெடிவயல்களைக் கடந்தால்தான் டாங்கிகள் பசந்தர் ஆற்றைத் தாண்டிப் போக முடியும். டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் 21 வயதே ஆன அருண் கேத்ரபால் எரிகின்ற டாங்கியிலிருந்து வெளியேற மறுத்துப் போரிட்டு வீழ்ந்து பரமவீர் சக்ரா பெற்றதை நாம் அறிவோம். அவரைப் போன்றோரின் டாங்கிகள் ஆற்றைத் தாண்டுவதற்கு முன்பே அந்த வயல்களில் வயிற்றால் ஊர்ந்து வழி திறந்தவர்கள் சாப்பர்கள். தாத்தா பசந்தரில் இல்லை. அதே பகுதியில் வேறொரு வயலில் இருந்தார்.

வழி திறக்கும் முறையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கருவி கொண்டும் தேடுவார்கள். கருவிக்கு எட்டாததைக் கையால்தான் தேட வேண்டும். குப்புறப் படுத்துக்கொண்டு சங்கீனை மண்ணில் சாய்வாக, ஏறத்தாழ 30 பாகை கோணத்தில் மெல்லச் செருக வேண்டும். நேர்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் பட்டு அது வெடித்துவிடும். சாய்வாகச் செருகினால் முனை அதன் விலாவில்தான் தட்டும். தட்டியதும் நின்று, விரலால் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். நாலு விரல் இடைவெளி விட்டு அடுத்த குத்து. பிறகு அடுத்தது. பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்ட இருபுறமும் வெள்ளை நாடா. இருட்டு, பனி, தலைக்கு மேலே குண்டு.

"பயமா இல்லையா தாத்தா?" என்று கேட்டேன்.

"பயந்தா கை நடுங்கும். கை நடுங்கினா நானும் போவேன், பக்கத்துல இருக்கிறவனும் போவான். அதனால பயத்தைக் காலையில படலாம்னு ஒத்திப் போட்டேன். காலையில வேற வேலை வந்துடுச்சு" என்றார்.

அவர் கைவிரல்களைக் கவனியுங்கள் என்று உங்களையெல்லாம் அழைத்துவந்து காட்ட ஆசை. இன்றும் அவர் கீரை ஆயும்போது தண்டை நசுக்காமல், பக்கவாட்டில் தொட்டுத்தான் எடுப்பார்.

கோத்தில் ஒப்படைத்த பிஸ்டல்

தாத்தாவின் நினைவில் நிற்கும் இன்னோர் ஆயுதம் அவருடையதன்று. அவர்கள் பிரிவில் இளம் லெஃப்டினன்ட் ஒருவர் இருந்தார். வடநாட்டுக்காரர். வயது இருபத்து மூன்றோ நான்கோ. பெங்களூரில் தம்பிகளோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றிருந்தார். தினமும் வரிசையாக ஒவ்வொருவரிடமும் வந்து, "தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்பாராம். "அவருக்கு வந்த தமிழே அவ்வளவுதான். ஆனா அது போதுமே" என்பார் தாத்தா.

ஒரு விடியற்காலையில், திறந்த பாதையை நாடா பிடித்துச் சரிபார்த்து வந்தபோது எதிரியின் பீரங்கிக் குண்டு அருகில் விழுந்து சிதறியது. தாத்தாவும் இன்னொருவரும் அவரைத் தூக்கிவந்தார்கள். மருத்துவப் பிரிவுக்காரர்கள் அவர் இடுப்பு வாரை அறுத்து, உறையோடு பிஸ்டலைத் தாத்தாவின் கையில் கொடுத்து, கோத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கோத் என்பது ஆயுதக் கிடங்கு. தாத்தா அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்ட செய்தி வந்துவிட்டது.

கோத் ஹவில்தார் பதிவேட்டைத் திறந்தார். பிஸ்டலின் எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். ரவைகளைக் கழற்றி எண்ணினார். கொடுத்தது கொடுத்தபடி இருந்தது. அந்த பிஸ்டல் அந்தப் போரில் ஒரு முறைகூடச் சுடவில்லை. "ஒண்ணும் குறையலை, கையெழுத்துப் போடு" என்றாராம் ஹவில்தார்.

"ஒண்ணும் குறையலையாம் தம்பி. சாப் மட்டுந்தான் குறைஞ்சிருந்தார்."

இதைச் சொல்லும்போது தாத்தா அழவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வேறொன்றைச் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "சாப்போட முகம் எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு நெனச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்குது. அந்தப் பிஸ்டல் நம்பர் மட்டும் போகமாட்டேங்குது" என்றார். அந்த எண்ணை ஒரு இலக்கமும் பிசகாமல் ஒப்பித்தார். அடுத்த வாரம் மீண்டும் கேட்டேன். அதே எண். அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். இங்கே அச்சிடப் போவதில்லை. அது தாத்தாவுக்கும் அந்த அதிகாரிக்கும் இடையே உள்ளது.

மனிதனின் மூளை ஏன் இப்படி எண்ணைக் காத்து முகத்தைத் தொலைக்கிறது என்பதை உளவியல் படிக்கும் நண்பர்கள்தான் விளக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது ஒன்று. எண்ணை ஒப்படைக்க ஒரு பதிவேடு இருந்தது. முகத்தை ஒப்படைக்க இடம் எதுவும் இருக்கவில்லை.

டாக்காவில் ஒரு ரிவால்வர்

அதே டிசம்பர் 16 அன்று, நாட்டின் மறுகோடிக்கு அப்பால், டாக்காவின் ரம்னா குதிரைப் பந்தயத் திடலில் வேறொரு சிறு ஆயுதம் கைமாறியது. பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் நியாசி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபின், தம் ரிவால்வரை லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவிடம் ஒப்படைத்தார். 93,000 பேர் கைதிகளாயினர். வங்கதேசம் பிறந்தது. தோற்ற தளபதி தன் இடுப்பு ஆயுதத்தைக் கழற்றிக் கொடுப்பது பழைய போர் மரபு. என் வீரத்தை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்று அதற்குப் பொருள்.

ஆனால் அன்று கிழக்குப் பிராந்தியப் படையின் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த ஜேக்கப் பின்னாளில் எழுதிய நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ரிவால்வரை அவர் எடுத்துப் பார்த்தாராம். அது படையில் சாதாரணமாக வழங்கும் .38 ரிவால்வர். குழாயில் அழுக்கு அடைத்திருந்தது. பல நாள் துடைக்காதது. அதன் கயிறு நைந்து போயிருந்தது. இது ஒரு தளபதியின் சொந்த ஆயுதமாக இருக்க முடியாது, கீழே உள்ள எவனோ ஒருவனுடையதை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் முடிவு.

இதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நியாசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப அந்த ரிவால்வருக்குச் சொந்தக்காரன் எந்த கோத்துல, யாருகிட்ட கணக்குச் சொன்னான்?" என்று கேட்டார். வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தோன்றாத கேள்வி ஒரு நாயக்குக்குத் தோன்றியது.

ஆயுதமே இல்லாத வீரம்

சாப்பர்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு தமிழர் பெயர் கண்ணில் பட்டது. சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடிப் பாதையில் தன் ஆட்களை அழைத்துச் சென்றார். கூட வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குள் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார். அவர் உடல் சிதைந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருது அளிக்கப்பட்டது. அந்த நொடியில் அவர் கையில் இருந்த ஆயுதம் எது? ஒன்றுமில்லை. உடம்பே ஆயுதம். அதுவும் கொல்லும் ஆயுதமன்று, காக்கும் கேடயம்.

இன்னொருவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். நம் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதி காக்கும் படையில் இருந்தபோது அவருடைய அணி சுற்றி வளைக்கப்பட்டது. மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் கையிலிருந்த ரைஃபிளைப் பறித்துச் சுட்டார். உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பரமவீர் சக்ரா கிடைத்தது. அந்தக் களத்தில் இருபுறமும் தமிழ்ப் பெயர்கள் இருந்தன என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. "அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே நான் பென்ஷன் வாங்கிட்டேன். அது என்னோட புண்ணியம்" என்று மட்டும் தாத்தா சொன்னார்.

உஸ்மான் சாலையில் இருபது ஆண்டுகள்

தாத்தா 1983-இல் நாயக்காக ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்தார். மார்பில் அணிய மூன்று பதக்கங்கள் இருந்தன: பச்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம், விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம். கையில் அணிய வேலை இல்லை. கண்ணிவெடி எடுக்கத் தெரியும் என்றால் எந்த அலுவலகம் வேலை கொடுக்கும்? துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்றால் ஒரே இடம் கொடுக்கும். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக் கடையின் வாசலில் காவலாளி ஆனார். துப்பாக்கியும் உரிமமும் சொந்தமாக வைத்திருந்தால் சம்பளம் கொஞ்சம் கூடுதல். கடன் வாங்கி இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினார்.

தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவை முட்டி மோதிக் கடந்து உஸ்மான் சாலைக்கு வந்திருக்கும் நீங்கள், அத்தகைய வாசல்களில் துப்பாக்கியைக் குத்திட்டு நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவராக என் தாத்தா இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றார். ஒரு நாள்கூட அந்தத் துப்பாக்கி சுடவில்லை. உரிமத்தைக் காலம் தவறாமல் புதுப்பித்தார். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். காவல் பணியில் உள்ளோர் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுக்களை எழுதத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் யாரையாவது தேடி அலைந்திருக்கிறார். படித்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலில் ஆசைப்பட்டாராம்.

ஆயுத பூசையன்று அந்தத் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாவின் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார்கள் என்று அம்மா சொல்வார். முழங்கால் வலி வந்து வேலையை விட்டதும், முறைப்படி உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கியை விற்றார். அந்தப் பணம் மந்தைவெளியில் அப்பாவின் இருசக்கர வாகனப் பழுதுபார்க்கும் கடைக்கு அட்வான்சாகப் போயிற்று. அதன்பின் பூசையில் துப்பாக்கி இருந்த இடம் சில காலம் வெறுமையாக இருந்தது. இப்போது அங்கே என் இயற்பியல் புத்தகங்களையும் கால்குலேட்டரையும் வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

பட்டமும் பிஸ்டலும்

இங்கேதான் நான் ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

நான் நம் கல்லூரி என்.சி.சி.யில் இருக்கிறேன். எங்களுக்குச் சுடக் கொடுப்பது .22 ரைஃபிள்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் 'சி' சான்றிதழ் பெற்று, பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் பெற்றால், எழுத்துத் தேர்வு இல்லாமலே அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பயிற்சி பரங்கிமலையில். 49 வாரம். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அப்பாவின் கடையில் அவ்வளவு வருமானம் எந்த மாதமும் வந்ததில்லை. தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கிறாள்.

எண்ணிப் பாருங்கள். தாத்தாவின் இடுப்பில் சங்கீன் தொங்கியதற்கும், அந்த லெஃப்டினன்டின் இடுப்பில் பிஸ்டல் தொங்கியதற்கும் காரணம் வீரத்தின் வேறுபாடு அன்று. படிப்பின் வேறுபாடு. நான் படிக்கும் இந்த மூன்றாண்டுப் படிப்புதான் அந்த இரண்டு ஆயுதங்களுக்கும் நடுவே நிற்கும் சுவர். எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக ஒருவன் அந்தச் சுவரைத் தாண்டும் தூரத்தில் இருக்கிறான். இதை நினைக்கும்போது பெருமையும் வருகிறது, கூச்சமும் வருகிறது.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. "ஒரு தலைமுறை போய்ப் பட்டது போதும். பேங்க் பரீட்சை எழுது" என்கிறார். அப்பா எதுவும் சொல்லாமல் வருமானக் கணக்கை மட்டும் பார்க்கிறார். தாத்தா மகிழ்ச்சியில் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துள்ளவில்லை.

"பிஸ்டல் கெடைக்கும்னு போறதா இருந்தா போகாதே தம்பி. அது ஒருத்தன் இடுப்புல இருந்தா, அவனுக்குப் பின்னாடி முப்பது பேரு இருக்காங்கன்னு அர்த்தம். முப்பது பேருக்கும் ஊர்ல அம்மா இருக்கும். அவங்க பேரு உனக்குத் தெரியணும். சாப்பிட்டாங்களான்னு கேக்கணும். அதுக்கு மனசு இருக்குதான்னு பாத்துக்கோ. இருந்தா போ" என்றார்.

இந்தச் சொற்களை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். கும்பினி காலத்து வாள்கள், கைத்துப்பாக்கிகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் துடைத்து வைத்தபடி இருக்கின்றன. ஔவை கண்ட தொண்டைமானின் கொட்டில் நினைவுக்கு வந்தது. அவற்றை இடுப்பில் கட்டியவன் யாருக்காகக் கவலைப்பட்டான், யார் அவனுக்காக அழுதார்கள் என்பதை எந்தச் சீட்டும் நமக்குச் சொல்லாது. ஆயுதம் நினைவுச் சின்னமாக எளிதில் நிலைத்துவிடுகிறது. இரும்புக்கு ஆயுள் நீளம். மனிதனை நினைவில் வைக்கத்தான் மனிதன் தேவைப்படுகிறான்.

நான் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். தேர்வாவேனா என்பது வேறு. அம்மாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் காலை என் என்.சி.சி. சீருடை கஞ்சி போட்டு உலர்ந்துகொண்டிருந்தது. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் தணியவில்லை என்றாலும் பிள்ளை அழுக்குச் சட்டையோடு போகக்கூடாது என்ற தாயுள்ளம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

நண்பர்களே! ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் வருகிறது. 1949 முதல் நம் நாடு அதைக் கடைப்பிடிக்கிறது. நாமும் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக்கொள்கிறோம். அது நல்லதே. கூடவே இன்னொன்றும் செய்யலாம். வங்கி வாசலில், நகைக் கடை வாசலில், அடையாற்று அடுக்குமாடி வீடுகளின் வாசலில், ஏன், நம்மைப் போன்ற மாணவர்கள் போய்வரும் எத்தனையோ வாசல்களில் முன்னாள் சிப்பாய்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேளுங்கள். எந்தத் துப்பாக்கி என்று கேட்டால் உடனே சொல்வார்கள். கூட இருந்தவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் தாமதித்துச் சொல்வார்கள். அந்தத் தாமதத்துக்குக் காத்திருங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் நாம்தான்.

கேட்பதற்கு முன்பு, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.